ஊசி வேண்டாம் என்கிறார்

ஆவணி 9, திங்கள்

வெயில். வார்டு ஜன்னல் கிழக்கே பார்த்தது. காலையிலேயே கம்பி சுடுகிறது. துண்டை நனைத்துத் தொங்கவிட்டேன். ஆயா வந்து எடுக்கச் சொல்லிவிட்டார்.

நேற்று எழுத முடியவில்லை. நேற்றையது சுருக்கமாக. இவர் சனிக்கிழமை போட்டில் மீன்பிடிக்கப் போனார். ஞாயிறு காலை ஜெகதாப்பட்டினம் கரைக்கு வந்தபோது நிமிர்ந்து நிற்க முடியவில்லை. வயிறு பலகை மாதிரி. தொட்டதும் என் கையைத் தட்டிவிட்டார். வேன் பிடித்துப் புதுகை ஆஸ்பத்திரி. வழியெல்லாம் ஒவ்வொரு வேகத்தடைக்கும் கண்ணை இறுக்கினார். வாயைத் திறக்கவில்லை. மதியம் ஆபரேஷன். இரைப்பையில் ஓட்டை. உள்ளே இருந்ததெல்லாம் வயிற்றுக்குள் கொட்டிக் கிடந்ததாம். கழுவித் தைத்திருக்கிறார்கள்.

இன்று: மூக்கு வழியாக இரைப்பை வரை ஒரு டியூப். கையில் டிரிப்ஸ். கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழ் வரை கட்டு. வாயில் சொட்டுத் தண்ணீர் கூடாது. நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைக்கலாம், அவ்வளவுதான்.

ரவுண்ட்ஸில் டாக்டரம்மா கேட்டார். இளவயதுதான், நிதானமான பேச்சு.

"வலி மாத்திரை ஏதாவது போடுவாராம்மா?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. செந்தில்தான் பதில் சொன்னான். இவர் தம்பி, அதே போட்டில் வேலை.

"போட்டு வீலப் புடிச்சு நின்னு நின்னு அண்ணனுக்கு இடுப்பு போச்சு டாக்டர். மெடிக்கல்ல கேட்டு வாங்கி சட்டப்பையிலயே வச்சிருக்கும். டீ குடிக்கிற மாதிரி போடும்."

"அந்த மாத்திரைதான் ஓட்டை போட்டிருக்கு. அதனால அந்த வகை ஊசியும் இவருக்குப் போடக்கூடாது. வேற ஊசி போடுறோம், கொஞ்சம் பலமானது. சிலருக்கு வாந்தி வரும்."

சிலருக்கு!

முதல் ஊசி போட்டதும் நல்லாத்தான் இருந்தது. நெற்றிச் சுருக்கம் விரிந்தது. அப்பாடா என்று நான் சுவரில் சாய்ந்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்து வேர்வை.

"மல்லிகா, கட்டிலு ஆடுதா?"

"இல்லீங்க."

"ஆடுது. புடி."

அப்புறம் ஓங்கரிப்பு. வயிற்றில் ஒன்றுமில்லை. டியூபில் பச்சையாகத் தண்ணீர், வாயோரம் எச்சில். ஒவ்வொரு ஓங்கரிப்புக்கும் கட்டுப் போட்ட வயிறு எக்கித் துள்ளுகிறது. ஜெசிந்தா சிஸ்டர் ஓடிவந்து போர்வையை நாலாக மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்தினார்.

"இப்படி அணைச்சுப் புடிங்கம்மா. வாந்தி வந்தாலும் இதான், இருமினாலும் இதான்."

வாந்திக்கு என்று இன்னொரு ஊசி. மெல்ல அடங்கியது.

பதினாறு வயதிலிருந்து கடலில் இருக்கிற மனுஷன். எந்தக் காற்றிலும் வாந்தி எடுத்ததில்லை. புதிதாகப் போட்டில் ஏறுகிறவர்கள் கக்கினால் சிரிப்பார். இன்று செந்தில் பார்த்துக்கொண்டு நின்றதுதான் இவருக்கு வலியை விடப் பெரிது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாங்க வேண்டியது: வாய் அகன்ற கிண்ணம். பஞ்சு. எனக்குப் பாய். எலுமிச்சம்பழம், மோந்து பார்க்க. பழைய வேட்டி வீட்டிலிருந்து (செந்தில்).

ஆவணி 10, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை. புழுக்கம்.

பள்ளிக்கூடத்திலிருந்து சமையல் லெட்சுமி போன். "அக்கா, பருப்பு வேக மாட்டேங்குது, என்ன பண்ண?" நான் இல்லாமல் சத்துணவுக்கூடம் இரண்டு நாள் ஓடாது போல. சோடா உப்பு போடாதே, கொதிதண்ணி ஊத்தி மூடி வை என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆச்சரியம்.

பக்கத்துக் கட்டிலில் சித்தன்னவாசல் பக்கத்து ஆட்டோக்காரர். குடலிறக்கம் தைத்திருக்கிறார்கள். நாளை வீட்டுக்குப் போகிறார். அவர் சம்சாரம் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். சாம்பார் வாசனை வந்ததும் இவருக்குத் தொண்டை ஏறி இறங்கியது. கிண்ணத்தை எடுத்தேன். அந்த அம்மாவே புரிந்துகொண்டு பொட்டலத்தை வராந்தாவுக்கு எடுத்துப் போய்விட்டார். திரும்பி வந்து சொன்னார்:

"எங்க வீட்டுக்காரருக்கும் அதே ஊசிதான்க்கா. ஒண்ணும் பண்ணல. நல்லாத் தூங்குனாரு. ஒடம்புக்கு ஒடம்பு மாறுது போல."

விஷயத்துக்கு வருகிறேன். காலையில் ஜெசிந்தா சிஸ்டர் ஊசியோடு வந்து கேட்டார். "அப்பா, பத்துக்கு எவ்வளவு வலி?"

"இல்ல சிஸ்டர்."

"இல்லையா?"

"ரெண்டு வச்சுக்கங்க. ஊசி வேணாம்."

சிஸ்டருக்குச் சந்தோஷம். குளுக்கோஸ் பாட்டிலோடு சின்ன வலி மருந்து பாட்டில் ஒன்று மாட்டினார். காய்ச்சலுக்குப் போடுகிற ரகம்தான், வயிற்றைக் கெடுக்காது என்றார். போய்விட்டார்.

எனக்குத் தெரியாதா? போர்வைக்கு வெளியே இரண்டு கால் விரல்களும் சுருண்டு ஏறியிருந்தன. கட்டில் கம்பியைப் பிடித்த கை நரம்பு புடைத்து. பேச்சை இரண்டிரண்டு வார்த்தையாக வெட்டி வெட்டிப் பேசுகிறார். மூச்சு மேலேயே நிற்கிறது, நெஞ்சுக்குக் கீழே இறங்கவில்லை.

"ஏங்க பொய் சொல்றீங்க?"

"வலியத் தாங்கலாம். கொமட்டலத் தாங்க முடியல. ஒவ்வொரு தடவையும் உள்ள தையலு பிரியிற மாதிரி இருக்கு மல்லிகா. பிரிஞ்சா திரும்பத் தொறப்பாங்க."

"சிஸ்டர்கிட்ட அதச் சொல்லுங்க."

"நீ வாயத் தொறக்காத. சொன்னீன்னா அப்புறம் பாரு."

நான் சொல்லவில்லை. நேற்று அந்த வயிறு துள்ளியதைப் பார்த்தவள் நான். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ என்று தோன்றியது.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருக்கிறார்கள். குழாயில் உறிஞ்சினால் மூன்று உருண்டை மேலே ஏற வேண்டும். இவர் உறிஞ்சினால் முதல் உருண்டை நடுங்குகிறது. "அப்புறம் பண்றேன்." இருமச் சொன்னாலும் "அப்புறம்". தொண்டையில் கரகரவென்று சளி. விழுங்குகிறார்.

மகள் அபி போன். திருச்சி ஹாஸ்டலில் இருந்து. நாளை மறுநாள் முதல் பரீட்சை. "அப்பா எங்கம்மா?" கடலுக்குப் போயிருக்காரு என்றேன். "செவ்வாக்கெழமையா?" என்றாள். திங்கள், புதன், சனிதான் போட்டு போகும் என்று தெரிந்த பிள்ளை. எஞ்சின் வேலை, அறந்தாங்கி போயிருக்காரு என்று மாற்றினேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

ஆவணி 11, புதன்

காலையில் தூறல். அப்புறம் மழை. இப்போது விட்டிருக்கிறது. எழுத்து சரியில்லை.

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் குழம்பும்.

காலையில் உடம்பு கொதித்தது. நெற்றி மட்டுமில்லை, உள்ளங்கை கூட. மூச்சு வேக வேகமாக. சிஸ்டர் வந்தார். பத்துக்கு எவ்வளவு? இவர் கையை ஆட்டினார், இல்லை என்று. உதடு காய்ந்து வெடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லை என்கிறார்.

சிஸ்டர் வாசல் வரை போனதும் நான் பின்னால் போனேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"சிஸ்டர், பொய் சொல்றாரு. நேத்துலேர்ந்து வலிக்குது. ஊசிக்குப் பயந்துக்கிட்டு மறைக்கிறாரு. மூச்சே விடல, இருமல."

சிஸ்டர் முகம் மாறியது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். வாந்தி ஊசி போட்டு, சற்றுப் பொறுத்து வலி ஊசியும் போடச் சொன்னார்கள். ஊசியோடு சிஸ்டர் வந்தபோது இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத முடியாது.

"நீதான சொன்ன?"

போர்வையை நாலாக மடித்தேன்.

இந்த முறை வாந்தி ஊசி கேட்கவில்லை. திங்களை விட மோசம். போர்வையை அணைத்துப் பிடித்தேன், என் முழு பலத்தோடு. ஓங்கரிப்பு நிற்கவே இல்லை. கடைசியில் மூக்கிலிருந்த டியூப் வாய் வழியாக வளைந்து வெளியே வந்துவிட்டது. பச்சைத் தண்ணீர் என் சேலையில், தலையணையில், அவர் கழுத்தில். "அம்மா, அம்மா" என்று யாரோ கத்துகிறார்கள். நான்தான். கட்டுத் துணியில் சிவப்பு. கட்டின் நடுவில் ஒரு ரூபாய் அளவு, அப்புறம் உள்ளங்கை அளவு.

டியூபைத் திரும்பப் போட்டார்கள். இரண்டு பேர் தலையைப் பிடித்துக்கொள்ள. "முழுங்குங்க, முழுங்குங்க அப்பா." கண்ணிலிருந்து தண்ணீர் கோடாக.

டாக்டரம்மா வந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்தார். மேல் தோலில் ஒரு தையல்தான் விட்டிருக்கிறது என்றார். ஆனால் முகம் தெளியவில்லை. வயிற்றை அமுக்கினார், ஸ்டெத் வைத்துக் கேட்டார். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"காய்ச்சல், வாந்தி, வலி. ஊசியால வாந்தின்னுதான் நினைக்கிறேன். ஆனா உள்ள தச்ச இடம் கசிஞ்சாலும் இதே மாதிரிதான் இருக்கும். ஸ்கேன் பாக்கணும்."

"கசிஞ்சிருந்தா?"

"திரும்பத் திறக்கணும்மா."

அவர் பயந்தது அதைத்தான். நான் வாயைத் திறந்ததால் வந்ததா இது? நேற்றே திறந்திருந்தால் வராமல் போயிருக்குமா? இரண்டு பக்கமும் யோசித்தேன். இரண்டு பக்கமும் நான்தான் நிற்கிறேன்.

ஸ்கேன் எடுக்கும் இடம் கீழ்த்தளம். லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழைய இரண்டு தடவை திருப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு இடிக்கும் அவர் முகம் சுருங்கியது. என் பக்கம் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினார்கள்.

வெளியே பெஞ்சு. மழை. செந்தில் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்று இவருக்குப் பதில் வேறொருவர் போட்டை ஓட்டிப் போயிருக்கிறார். நடுவில் ஒரு சேதி, எல்லை தாண்டியதாகக் கடற்படை யாரையோ பிடித்துவிட்டது என்று. அப்புறம் பொய்ச் சேதி என்று. எந்தெந்த வீட்டுப் பெண்கள் அந்த நேரம் கரைக்கு ஓடினார்களோ.

அப்போதுதான் செந்தில் ஒன்று சொன்னான். "மதினி, சனிக்கெழமையே வயித்தப் புடிச்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு. திரும்பிருவோம்ணேன்னு சொன்னேன். ரெண்டு மாத்திரயப் போட்டுக்கிட்டு, ஒனக்கென்னடா, வலைய இழுன்னுச்சு."

நான் அபிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்பா வலிய மறைக்கிறாரு. நீ அப்பாவையே மறைக்கிறம்மா. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வித்தியாசம் இல்ல."

"பரீட்ச இருக்குல்ல..."

"பரீட்ச எழுதிட்டு வாரேன். ஸ்கேன் முடிஞ்ச ஒடனே போன் பண்ணு. பொய் சொல்லாத."

டாக்டரம்மா ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வர எவ்வளவு நேரம் ஆனதோ. தையல் கசியவில்லை. முதலில் அதைத்தான் சொன்னார், நான் கேட்கும் முன்பே. நல்ல மனுஷி. ஆனால் நுரையீரலின் அடிப்பக்கம் இரண்டும் சுருங்கிச் சளி கட்டியிருக்கிறது. காய்ச்சல் அதனால். வலிக்குப் பயந்து மூச்சை இழுக்கவில்லை, இருமவில்லை, அதனால்.

வார்டுக்கு வந்து அவரிடமும் சொன்னார். திட்டவில்லை.

"நீங்க வலி இல்லன்னா நான் இல்லன்னுதானங்க எடுத்துக்குவேன்? ஒங்க வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குச் சொல்றது அந்த வலி மட்டும்தான். அந்த ஊசி ஒத்துக்கலன்னா ஒத்துக்கலன்னு சொல்லுங்க. வேற வழி பாப்போம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அபிக்குச் சொல்லிவிட்டேன். இப்போதுதான் அழுதாள்.

ஆவணி 12, வியாழன்

வானம் வெளுத்துவிட்டது. ஆட்டோக்காரர் நேற்றே வீட்டுக்குப் போயிருக்கிறார். நேற்றைய கலவரத்தில் நான் கவனிக்கவேயில்லை. தலைமாட்டில் இரண்டு ஆரஞ்சுப்பழம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குத்தான் என்று நினைக்கிறேன். ஒன்று தின்றேன்.

இவர் என்னிடம் பேசவில்லை. செந்திலிடம் சொல்கிறார். "ஒங்க மதினிகிட்டப் பஞ்சு கேளு." நான் தலைமாட்டிலேயே நிற்கிறேன். செந்தில் என்னைப் பார்த்து, "மதினி, பஞ்சு" என்கிறான். சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

வலி இருக்கிறது. பெரிய ஊசி நேற்றோடு நிறுத்தம். சின்ன பாட்டில் மட்டும் ஓடுகிறது, போதவில்லை. உருண்டை இன்றும் நடுங்குகிறது. காய்ச்சல் கொஞ்சம் குறைவு.

பதினொரு மணிபோல மயக்க டாக்டர் வந்தார். ஆபரேஷன் அன்று மயக்கம் கொடுத்தவர். வழுக்கை, வாய் ஓயாத பேச்சு. சக்கரம் வைத்த ஸ்கேன் பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு.

"என்ன கேப்டன், கடல்ல வராத வாந்தி எங்க ஊசிக்கு வந்துருச்சாமே?"

இவர் முகம் சிவந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

"இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. நம்ம மூளையில வாந்திக்குன்னு ஒரு மணி இருக்கு. அந்த மருந்து நேரா அதப் போயி அடிக்கும். சில பேருக்கு லேசா அடிக்கும், ஒங்களுக்குக் கோயில் மணி. குடலையும் தூங்க வச்சிரும். அதனால இப்ப மூளைக்கே போகாத மாதிரி, வயித்துச் சுவர மட்டும் மரக்க வைக்கப் போறேன். பல்லுப் புடுங்க மரக்க வைக்கிறாங்கள்ல, அது மாதிரி."

"வாந்தி வருமா?"

இவரே கேட்டது. டாக்டர்களிடம் இவர் வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி.

"இந்த ஊசிக்கு வராது. ஆனா நாளைக்கு இந்நேரம் மரப்பு விட்டுரும். அப்ப வலி வந்தா சொல்லணும். வாந்திக்கு ரெண்டு வகை மருந்த முன்னாடியே குடுத்துட்டு, பெரிய ஊசியக் கொஞ்சமா, டிரிப்ஸ்ல கலந்து, மெதுவா விடுவோம். மறைச்சா முந்தாநாத்துக் கததான்."

ஸ்கேன் பெட்டியில் பார்த்துக்கொண்டே இடுப்பின் இரண்டு பக்கமும் நீள ஊசி. என்னை வெளியே போகச் சொல்லியும் நான் போகவில்லை. கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றேன். வேர்க்கிறதா, எச்சில் ஊறுகிறதா, கட்டில் ஆடுகிறது என்பாரா.

ஒன்றும் வரவில்லை.

கால் விரல்கள் நேராயின. கம்பியிலிருந்து கை விலகியது. மெல்ல மூச்சை இழுத்தார், பயந்து பயந்து, சூடான பாத்திரத்தைத் தொடுகிறவர் மாதிரி. அப்புறம் இன்னும் கொஞ்சம். அப்புறம் அடிவயிறு வரைக்கும்.

போர்வையை நானே மடித்துக் காயத்தில் வைத்தேன். இருமினார். மஞ்சளாகக் கெட்டிச் சளி. ஜெசிந்தா சிஸ்டர் அதைப் பார்த்துப் பூப் பூத்தது போலச் சிரித்தார். "இதான் வேணும். இன்னும் துப்புங்க அப்பா."

முதல் உருண்டை ஏறியது. இரண்டாவது பாதி.

செந்திலுக்கும் இன்று வேலை: மணிக்கொரு தரம் "காத்துப் பிரிஞ்சுதாண்ணே?" என்று கேட்பது. குடல் விழித்துவிட்டதற்கு அதுதான் அடையாளமாம். அது ஆகாமல் டியூபை எடுக்க மாட்டார்கள், தண்ணீர் தர மாட்டார்கள். "இல்ல போடா" என்கிறார். ஆகவில்லை. டியூபில் இன்னும் பச்சை வருகிறது, கம்மியாக.

என்னிடம் இன்னும் பேசவில்லை. ஆனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பவும் இல்லை.

ஆவணி 13, வெள்ளி

காலை. நல்ல காற்று. துணி துவைத்துப் போட்டேன்.

காற்றுப் பிரிந்தது! வார்டே கேட்டது. செந்தில் கையைத் தட்டினான். இவர், "சும்மா இருடா நாயே" என்றார். எதிர்க் கட்டில் பெரியவர், "அட, நல்ல சேதிதானப்பா" என்கிறார். ரவுண்ட்ஸில் அதை டாக்டரம்மாவிடம் சொல்லும் பெருமை எனக்கு. சொன்னேன். டியூபை எடுத்துவிட்டார்கள்.

ஒரு ஸ்பூன் தண்ணீர். வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார், முழுங்கப் பயந்து. முழுங்கினார். நான், செந்தில், சிஸ்டர் மூன்று பேரும் அந்தத் தொண்டையையே பார்த்தோம். தங்கியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஸ்பூன். அதுவும்.

அபி பஸ் ஏறிவிட்டாளாம். மாலைக்குள் வந்துவிடுவாள்.

மாலை. கொஞ்சம்தான் எழுத முடியும்.

மதியத்துக்கு மேல் மரப்பு விட ஆரம்பித்தது. கண்ணால் பார்த்தேன். விரல்கள் சுருண்டன. நானாகக் கேட்கக்கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். செந்தில் டீ குடிக்கப் போயிருந்தான். அவன் வழியாகச் சொல்லவும் ஆளில்லை.

"மல்லிகா."

"ம்."

"வலிக்குது."

"எவ்வளவு?"

"ஏழு." அப்புறம், "எட்டு."

"சிஸ்டரக் கூப்பிடவா?"

கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பயம் அப்பட்டமாக முகத்தில். மறைக்கவில்லை.

"போயிச் சொல்லு. அந்த வாந்தி மருந்த மொதல்ல போடச் சொல்லு. சொல்லிட்டு வந்து இங்ஙனயே நில்லு."

செருப்புப் போடாமல் ஓடினேன். சிஸ்டர் ஓடவில்லை, நிதானமாகத்தான் வந்தார். வாந்திக்கு இரண்டு மருந்து. அப்புறம் டிரிப்ஸில் சொட்டுச் சொட்டாக வலி மருந்து. இவர் என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வேர்த்தது. ஒரு தடவை எச்சில் கூட்டி விழுங்கினார். பிடி இறுகியது. வாந்தி வருமா என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.

வரவில்லை. தூங்குகிறார். வாய் திறந்து குறட்டை.

வலது கையை இன்னும் விடவில்லை. இது இடது கை எழுத்து.